ஸாரி: வருத்தமா, மன்னிப்பா?

2001 ஏப்ரல் 1ஆம் தேதி தென்சீனக் கடலின் மேலே அமெரிக்கக் கடற்படையின் உளவு விமானம் ஒன்றும் சீனப் போர் விமானம் ஒன்றும் மோதிக்கொண்டன. சீன விமானி வாங் வேய் கடலில் விழுந்து காணாமல் போனார். சேதமடைந்த அமெரிக்க விமானம் அனுமதி பெறாமலேயே சீனாவின் ஹைனான் தீவில் இறங்கியது. அதிலிருந்த 24 பேரையும் சீனா பிடித்து வைத்துக்கொண்டது. மன்னிப்புக் கேள் என்றது சீனா. எங்கள் மேல் தவறில்லை என்றது அமெரிக்கா. 11 நாள் இழுபறிக்குப் பிறகு அமெரிக்கத் தூதர் ஜோசஃப் ப்ரூயர் சீன வெளியுறவு அமைச்சருக்கு ஒரு கடிதம் கொடுத்தார். அதில் 'வெரி ஸாரி' என்ற தொடர் இரண்டு முறை வந்தது. விமானியின் குடும்பத்துக்கு நேர்ந்த இழப்புக்காக ஒரு முறை; வாய்மொழி அனுமதி இல்லாமல் சீன வான்வெளியில் நுழைந்து தரையிறங்கியதற்காக இன்னொரு முறை. 24 பேரும் விடுதலையானார்கள். இது மன்னிப்பே அல்ல என்று வாஷிங்டன் சொன்னது. மன்னிப்புதான் என்று பெய்ஜிங் தன் மக்களிடம் சொன்னது. இருவர் கையிலும் இருந்தது ஒரே கடிதம்.

மொழிபெயர்ப்பில் செய்த சாமர்த்தியம் என்று இதைத் தள்ளிவிடலாம். அதற்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் பிளவு அந்த ஆங்கிலச் சொல்லுக்கு உள்ளேயே இருக்கிறது. துக்கம் விசாரிக்கப் போன ஆங்கிலேயர் 'ஐ ஆம் ஸாரி' என்கிறார். அந்தச் சாவுக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதே மனிதர் ரயிலில் அடுத்தவர் காலை மிதித்துவிட்டு அதே மூன்று சொற்களைச் சொல்கிறார். முதலில் சொன்னது துக்கம். அடுத்துச் சொன்னது, தவறு என்னுடையது என்கிற ஒப்புதல். சொல்லில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. எது எது என்று கேட்பவர் பிரித்துக்கொள்கிறார், பெரும்பாலும் யோசிக்காமலே. தெருவிலும் வீட்டிலும் இது சிக்கலின்றி நடக்கிறது. நீதிமன்றத்துக்கும் மருத்துவமனைக்கும் நாடாளுமன்றத்துக்கும் இந்தச் சொல் வரும்போது கதை மாறுகிறது. அங்கே அதன் இரட்டைப் பொருள் சிலருக்குப் புகலிடம் ஆகிறது. வேறு சிலருக்கோ அது பல தலைமுறைகளாகக் காத்திருந்தும் கிடைக்காத ஒன்று.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் குற்றம் என்கிற பொருளே அதில் இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'ஸார்' என்றால் புண், உடல் நோவு. தொண்டை வலிக்கும் தசை வலிக்கும் இன்று ஆங்கிலத்தில் சொல்லும் 'ஸோர்' அதன் நேரடி வாரிசு. அந்தப் 'புண்'ணிலிருந்து பிறந்த பெயரடையே நம் 'ஸாரி'. மனம் நொந்த, துயரம் நிறைந்த என்பது அதன் முதல் பொருள். துயரத்தைக் குறிக்கும் 'ஸாரோ' என்ற சொல்லும் இதுவும் அக்கா தங்கை போல ஒலிக்கின்றன. ஆனால் அவை வேறு வேறு வேரிலிருந்து வந்தவை. 'ஸாரோ'வின் உறவு, கவலையைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லோடு. ஒலியும் பொருளும் நெருங்கி இருந்ததால் காலப்போக்கில் ஒன்று மற்றதன் பக்கம் சாய்ந்தது. 'ஸாரி'யின் உயிரொலி மாறியதற்கே அந்த நெருக்கம்தான் காரணம் என்கிறார்கள் சொற்பிறப்பு அறிஞர்கள்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் இன்னொரு கிளை முளைத்தது. பார்ப்பவருக்குப் பரிதாபம் தரக்கூடிய, அதனால் கேவலமான, மதிப்பற்ற என்ற பொருள். பாழடைந்த கட்டடத்தையும் சீரழிந்த நிர்வாகத்தையும் 'ஸாரி ஸ்டேட்' என்று ஆங்கிலத்தில் சொல்வது இந்தக் கிளையில் வந்த வழக்கு. இங்கே வருந்துவது கட்டடம் அல்ல, அதைப் பார்ப்பவர். இரக்கம் எவ்வளவு சீக்கிரம் இளக்காரமாக மாறும் என்பதற்கு இந்தப் பொருள்மாற்றமே சாட்சி. ஒருவருக்காக 'ஸாரி' உணர்கிறேன் என்று சொல்லும்போதும் அந்த உயரவேறுபாடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதனால்தான் பரிதாபப்படாதே என்று ஆங்கிலத்தில் கோபமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

'நான்', 'இருக்கிறேன்' எல்லாம் உதிர்ந்து, 'ஸாரி' என்று தனியாக நின்று மன்னிப்புக் கேட்கும் வழக்கம் மிகவும் பிந்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதாவது, ஆயிரம் ஆண்டுக்கு மேல் வயதுடைய ஒரு துயரச்சொல், இன்று நாம் அறியும் வடிவத்தில் மன்னிப்புச் சொல்லாகி இருநூறு ஆண்டுகள்தான் ஆகின்றன. பழைய பொருள் போகவில்லை. புதியது அதன்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

இன்றைய பிரிட்டனில் ஒரு நாளைக்கு இந்தச் சொல் எத்தனை வேலை பார்க்கிறது என்று கவனித்தால் வியப்பாக இருக்கும். காதில் விழவில்லை என்றால் குரலைச் சற்று உயர்த்தி 'ஸாரி?' என்கிறார்கள். செவ்வாய்க்கிழமை என்று சொல்லவந்து திங்கள் என்று வாய்தவறினால், நடுவில் ஒரு 'ஸாரி' போட்டுத் திருத்துகிறார்கள். கடையில் பொருள் இல்லை என்று கைவிரிப்பதற்கும் அதுதான். முன்பின் தெரியாதவரிடம் வழி கேட்பதற்கு முன்னும் அதுதான். சண்டைக்கு முன்னுரையும் அதுவே: 'ஐ ஆம் ஸாரி, பட்' என்று ஒருவர் தொடங்கினால் அடுத்து வரப்போவது எதிர்ப்பு என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியும். 'யூ வில் பி ஸாரி' என்பதோ நேரடியான மிரட்டல்.

காதில் விழாதபோது சொல்லும் 'ஸாரி'க்குப் பின்னால் ஒரு வர்க்க வரலாறும் உண்டு. 1954இல் ஆலன் ராஸ் என்ற மொழியியலாளர், இங்கிலாந்தின் மேல்தட்டினர் எந்தெந்தச் சொற்களால் தங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக்கொள்கிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுதினார். நான்ஸி மிட்ஃபர்டு அதை ஊரறியச் செய்தார். அந்த ஆராய்ச்சியில் மாட்டிக்கொண்ட சொற்களில் ஒன்று, காதில் விழாதபோது 'ஸாரி'க்குப் பதிலாகச் சொல்லும் 'பார்டன்'. மரியாதை என்று நினைத்து நடுத்தர வர்க்கம் அதைச் சொல்லச் சொல்ல, மேல்தட்டினர் விலகி நின்றார்கள். பணிவான சொல் என்று தோன்றுவது எல்லா இடத்திலும் பணிவாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை.

கேட் ஃபாக்ஸ் என்ற மானிடவியலாளர் 2004இல் வெளிவந்த தம் நூலுக்காக ஒரு களச்சோதனை செய்தார். கூட்டமான பொது இடங்களில் வேண்டுமென்றே, ஆனால் தற்செயல் போலத் தோன்றும்படி, ஆட்களின் மேல் மோதினார். இடிபட்ட ஆங்கிலேயர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் 'ஸாரி' சொன்னார்கள். தவறு செய்தவர் அவர். மன்னிப்புக் கேட்டவர்கள் அவர்கள். இதை ஆங்கிலேயரின் அசட்டு மரியாதை என்று சொல்லிச் சிரிப்பது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு உடல்கள் எதிர்பாராமல் தொட்டுக்கொண்ட அந்தக் கணத்தில் ஒரு சிறு பதற்றம் எழுகிறது. யார் தவறு என்று தீர்ப்புச் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. இருவரும் தலா ஒரு சொல் சொன்னால் பதற்றம் அடங்கிவிடுகிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1971இல் எழுதியது இதைத்தான்: பொது இடத்தில் அந்நியர்கள் ஒருவருக்கொருவர் ஓயாமல் இப்படிச் சிறு சிறு சீரமைப்புகளைச் செய்துகொண்டே நடமாடுகிறார்கள்.

அந்தச் சீரமைப்புக்குத் தவறே தேவையில்லை என்பதை 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆலிசன் வுட் ப்ரூக்ஸும் அவருடைய சகாக்களும் மழை நாளில் ஒரு ரயில் நிலையத்தில் ஒருவரை நிறுத்தி, அந்நியர்களிடம் கைப்பேசியை இரவல் கேட்க வைத்தார்கள். நேரடியாகக் கேட்டபோது 9 சதவீதம் பேர் கொடுத்தார்கள். 'மழைக்கு ஸாரி' என்று சொல்லிவிட்டுக் கேட்டபோது 47 சதவீதம் பேர் கொடுத்தார்கள். மழைக்கு யார் பொறுப்பேற்க முடியும்? பொறுப்பை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. உன் சங்கடம் எனக்குத் தெரிகிறது என்ற ஒரு குறிப்பு போதுமாக இருந்தது. ஆங்கிலச் சொல்லின் அடியில் அந்தப் பழைய 'புண்' இன்னும் உயிரோடு இருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

நைஜீரியாவிலும் கானாவிலும் பேசும் ஆங்கிலத்தில் அந்தப் பழைய பொருளே முன்னால் நிற்கிறது. வழியில் யாராவது தடுக்கி விழுந்தால் பக்கத்தில் நடப்பவர் உடனே 'ஸாரி' என்பார். புதிதாக வந்த ஆங்கிலேயர் 'நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்று குழம்புவார். அந்த ஊர்க்காரருக்குக் குழப்பமே கிடையாது. அடுத்தவர் நோவைப் பார்த்த பிறகும் வாய்மூடி இருப்பதுதான் அங்கே தவறு.

தமிழுக்கு வந்த 'ஸாரி'யின் வழி நேர் எதிரானது. நாம் அதன் மேல் அடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டோம். பேருந்தில் இடித்துவிட்டால் ஸாரி, தாமதமாக வந்தால் ஸாரி, தவறான எண்ணுக்கு அழைத்துவிட்டால் ஸாரி. சாவு வீட்டில் தமிழ்ப் பேச்சின் நடுவே அதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அங்கே கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பது போதும். கால் தெரியாமல் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கம் நமக்கு இருக்கிறது; அது சொல்லை எதிர்பார்க்காத மன்னிப்பு. 'மன்னிப்பு' என்ற சொல்லையோ பெரிய தவறுகளுக்கென்று எடுத்துவைத்திருக்கிறோம். அந்த இடைவெளியில் ஸாரி வந்து பொருந்திக்கொண்டது. நம்முடைய நிறுவனங்களுக்கும் ஓர் இரட்டைச் சொல் உண்டு: நாளிதழ்களின் திருத்தக் குறிப்பில் வரும் 'வருந்துகிறோம்', தூர்தர்ஷன் திரையில் ஒரு தலைமுறையே பார்த்துப் பழகிய 'தடங்கலுக்கு வருந்துகிறோம்'. தடங்கல் யாரால் என்று அந்தத் தொடர் ஒருபோதும் சொன்னதில்லை.

இந்தப் பிளவைத் தத்துவத்தின் கண்ணால் முதலில் கூர்ந்து பார்த்தவர் ஆக்ஸ்ஃபோர்டின் ஜே. எல். ஆஸ்டின். 1955இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரைகள், அவர் இறந்தபின் 1962இல் நூலாயின. சில சொற்கள் செய்தி சொல்வதில்லை, செயலையே செய்துவிடுகின்றன என்பது அவருடைய வாதம். கப்பலுக்குப் பெயர் சூட்டுகிறேன் என்றால் அந்தச் சொல்லிலேயே பெயர் சூட்டப்பட்டுவிடுகிறது. 'அப்பாலஜைஸ்' அப்படிப்பட்ட சொல். மன்னிப்புக் கோருகிறேன் என்று சொன்னாலே கோரியாயிற்று. மனசுக்குள் என்ன இருந்தாலும் செயல் நடந்துவிட்டது. செய்ததை எண்ணி மனம் வருந்துவதைக் குறிக்கும் 'ரிபென்ட்' நேர் எதிர். அது உள்ளத்தின் நிலையைச் சொல்வது, அதனால் அது உண்மையாகவோ பொய்யாகவோ இருக்கலாம். 'ஐ ஆம் ஸாரி'யை ஆஸ்டின் இரண்டுக்கும் நடுவில் வைத்தார்: பாதி செயல், பாதி வர்ணனை. அவருடைய சோதனை எளிது. 'உண்மையிலேயே வருந்துகிறாரா?' என்று கேட்டுப் பாருங்கள். ஸாரி சொன்னவரைப் பற்றி அப்படிக் கேட்கலாம், கேட்கிறோம். இந்தச் சொல்லைப் பெறுகிற எவருக்கும் அந்தச் சந்தேகம் கூடவே வருகிறது. எனக்குத் தெரிந்தவரை, ஹைனான் கடிதத்துக்கு ஆஸ்டினின் அந்த நடுவரிசையைவிடச் சரியான விளக்கம் இல்லை. கடிதம் எழுதியவர்கள் வர்ணனைப் பாதியில் நின்றுகொண்டார்கள். படித்தவர்கள் செயல் பாதியை எடுத்துக்கொண்டார்கள்.

ஒரே வீட்டுக்குள்ளும் இது நடக்கிறது. மொழியியலாளர் டெபோரா டானன் 1990இல் வெளியிட்ட நூலில், அமெரிக்கப் பெண்கள் ஸாரியை இரக்கத்தின் பொருளில் சொல்ல, ஆண்கள் பலர் அதைக் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொள்வதைக் காட்டினார். இன்று எனக்கு மோசமான நாள் என்று கணவர் சொல்ல, மனைவி 'ஸாரி' என்கிறார். 'நீ ஏன் மன்னிப்புக் கேட்கிறாய், உன் தவறா?' என்று பதில் வருகிறது. அலுவலகத்தில் இதன் விலை அதிகம். சகஊழியரின் சிரமத்தைப் புரிந்துகொண்டதைக் காட்டச் சொன்ன சொல், தன்னம்பிக்கை இல்லாதவர் என்ற முத்திரையாகத் திரும்பி வருகிறது. ஸாரி சொல்வதை நிறுத்துங்கள் என்று பெண்களுக்கு அறிவுரை சொல்லும் ஒரு தொழிலே அங்கே வளர்ந்திருக்கிறது. அறிவுரை தேவைப்படுவது கேட்பவர்களுக்கு என்பது என் எண்ணம்.

சட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1970களில் ஒரு செனட்டரின் மகள் சைக்கிளில் போகும்போது கார் மோதி இறந்தாள். காரோட்டியிடமிருந்து ஒரு வருத்தச் சொல்கூட வரவில்லை. ஏன் என்று தந்தை கேட்டபோது கிடைத்த பதில், வாயைத் திறந்து 'ஐ ஆம் ஸாரி' என்று சொன்னால் வழக்கில் அது குற்ற ஒப்புதலாகிவிடும் என்று காரோட்டி பயந்தார் என்பது. மகளை இழந்த வீட்டுக்கு ஆறுதல் சொல்லவிடாமல் ஒரு சட்டம் தடுக்கும் என்றால், அந்தச் சட்டத்தில்தான் கோளாறு என்று அந்தத் தந்தை முடிவுசெய்தார். 1986இல் மாசசூசெட்ஸ் ஒரு விதியை இயற்றியது: விபத்துக்குப் பின் சொல்லும் அனுதாபச் சொற்களைத் தவறுக்கான சாட்சியமாக நீதிமன்றத்தில் காட்ட முடியாது. பிறகு பல மாநிலங்கள் இதைத் தொடர்ந்தன. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2006இலும் ஒன்டாரியோ 2009இலும் மன்னிப்புச் சட்டங்களைக் கொண்டுவந்தன. இங்கிலாந்து 2006ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் இதே கருத்தைச் சேர்த்தது. ஹாங்காங் 2017இல் தனிச்சட்டமே இயற்றியது.

இங்கே நுணுக்கமான ஒரு வேறுபாடு இருக்கிறது. அதைக் கடந்துபோனால் விஷயமே போய்விடும். கலிஃபோர்னியா போன்ற இடங்களில் சட்டம் காப்பாற்றுவது அனுதாபத்தை மட்டும். 'உங்களுக்கு இப்படி ஆனதற்கு வருந்துகிறேன்' என்று மருத்துவர் சொன்னால் பாதுகாப்பு உண்டு. 'நான் தவறான மருந்தைக் கொடுத்துவிட்டேன்' என்று சேர்த்தால் அந்தப் பகுதிக்குப் பாதுகாப்பு இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சட்டம் இரண்டையும் காப்பாற்றுகிறது. முதல் வகைச் சட்டம் தன்னை அறியாமலே ஒரு பாடத்தைக் கற்றுக்கொடுக்கிறது: வருந்து, ஆனால் எதற்கு என்று சொல்லாதே. நோயாளியின் குடும்பத்துக்குக் கிடைப்பது பாதிச் சொல். அந்தப் பாதி என்ன செய்யும் என்பதை ஜெனிஃபர் ராபெனால்ட் 2003இல் சோதித்தார். கற்பனையான ஒரு விபத்தில் காயம்பட்டவர்களாகத் தங்களை வைத்துப் பார்க்கும்படி பங்கேற்றவர்களிடம் சொன்னார். எதிர்த்தரப்பு பொறுப்பையும் ஏற்று மன்னிப்புக் கேட்டபோது சமரசத்துக்கு இணங்கியவர்கள் அதிகம். வருத்தம் மட்டும் தெரிவித்தபோது அந்த நன்மை கிடைக்கவில்லை. என்ன முடிவெடுப்பது என்ற தயக்கம்தான் கூடியது. தவறு வெளிப்படையாகத் தெரிந்த இடத்தில் பாதி மன்னிப்பு காயத்தை இன்னும் கிளறிவிடுகிறது.

இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளுக்கு 2014 முதல் 'ஒளிவின்றிச் சொல்லும் கடமை' சட்டப்படி உண்டு. ஸ்டாஃபர்டு மருத்துவமனையில் நடந்த கொடிய அலட்சியத்தை ராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையிலான விசாரணை 2013இல் வெளிக்கொண்டுவந்ததன் விளைவு அது. சிகிச்சையில் பெரிய தவறு நேர்ந்தால் நோயாளியிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும், மன்னிப்பும் கேட்க வேண்டும். ஆனால் அந்த விதியே மன்னிப்பை எப்படி வரையறுக்கிறது தெரியுமா? நேர்ந்த சம்பவம் குறித்துத் துயரமோ வருத்தமோ தெரிவிப்பது என்று. பொறுப்பு என்ற சொல் வரையறையில் இல்லை. ஆனாலும் இந்த விதியை நான் மதிக்கிறேன். வருத்தத்தோடு உண்மையையும் சேர்த்துச் சொல்லியே ஆக வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது. என்ன நடந்தது என்று தெரிந்த பிறகு கேட்கும் ஸாரியும், ஒன்றுமே தெரியாமல் கேட்கும் ஸாரியும் ஒன்றல்ல.

அரசுகளின் கதையில் ஆஸ்திரேலியாவுக்கு இணையில்லை. ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை அங்கே பழங்குடிக் குழந்தைகளை அரசும் தேவாலய அமைப்புகளும் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோயின. 1997 மே 26 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட விசாரணை அறிக்கை, பத்தில் ஒன்றுக்கும் மூன்றில் ஒன்றுக்கும் இடைப்பட்ட விகிதத்தில் பழங்குடிக் குழந்தைகள் அப்படிப் பறிக்கப்பட்டதாகக் கணக்கிட்டது. அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றது. பிரதமர் ஜான் ஹோவர்ட் மறுத்தார். தனிப்பட்ட முறையில் ஆழ்ந்த துயரம் அடைவதாகச் சொன்னார்; இன்றைய தலைமுறை முன்னோரின் செயலுக்குப் பொறுப்பேற்க முடியாது என்றார். 1999இல் நாடாளுமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானம் ஆழ்ந்த, உளமார்ந்த வருத்தத்தைத் தெரிவித்தது. 'ஸாரி' மட்டும் இல்லை. துயரம் தர முடிந்தது, வருத்தம் தர முடிந்தது, ஓர் எளிய பேச்சுவழக்குச் சொல்லைத் தர முடியவில்லை. அந்த மறுப்பே சொல்லின் எடையைக் கூட்டியது.

பிறகு நடந்தது அபூர்வமானது. அரசு சொல்லாத சொல்லை மக்கள் எடுத்துக்கொண்டார்கள். 1998 மே 26 முதல் 'தேசிய ஸாரி நாள்' கடைப்பிடிக்கப்பட்டது. ஊர் ஊராக 'ஸாரி புத்தகங்கள்' வைக்கப்பட்டு, சாதாரண ஆஸ்திரேலியர்கள் தங்கள் கையெழுத்தில் மன்னிப்பு எழுதினார்கள். 2000 மே 28 அன்று சிட்னி துறைமுகப் பாலத்தை ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் நடந்து கடந்தார்கள். மேலே வானத்தில் ஒரு விமானம் புகையால் அந்த ஒற்றைச் சொல்லை எழுதியது. அதே ஆண்டு சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழாவில் மிட்நைட் ஆயில் இசைக்குழுவினர் அந்தச் சொல் அச்சிட்ட கறுப்பு உடையில் மேடையேறினார்கள். பார்வையாளர்களில் பிரதமரும் இருந்தார்.

இந்த இயக்கத்துக்கு இந்தச் சொல் பொருந்தியதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதைப் பலரும் கவனிப்பதில்லை. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் பேசும் ஆங்கிலத்தில் 'ஸாரி பிஸினஸ்' என்றால் சாவும் அதைச் சார்ந்த துக்கச் சடங்குகளும். உறவினர் திரண்டு வந்து தங்கி, இறந்தவருக்காக அழுது, நாள்கணக்கில் ஒன்றாக இருப்பது. எனவே ஸாரி நாள் என்பது வெள்ளையர் காதில் குற்ற ஒப்புதலாக விழுந்தபோது, பழங்குடியினர் பலருக்கு அது கூட்டுத் துக்கமாகவும் இருந்தது: பிரிக்கப்பட்ட குழந்தைகளுக்காகவும், அவர்களை மறுபடி பார்க்காமலே இறந்துபோன தாய்களுக்காகவும். சொல்லின் இரண்டு பொருளும் ஒன்றையொன்று ஏமாற்றாமல் சேர்ந்து நின்ற இடம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

2008 பிப்ரவரி 13 அன்று புதிய பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் 'அப்பாலஜைஸ்' என்றும் சொன்னார், 'ஸாரி' என்றும் சொன்னார். யாருக்கு, எதற்கு என்றும் பெயரிட்டுச் சொன்னார். உயிரோடு இருந்த முன்னாள் பிரதமர்களில் ஹோவர்ட் மட்டும் அவைக்கு வரவில்லை. ஆனால் மத்திய அரசின் இழப்பீடு கிடையாது என்று ரட் கூறிவிட்டார். அது கிடைக்க மேலும் 13 ஆண்டுகள் ஆயின. மத்திய ஆட்சிப்பகுதிகளில் பிரிக்கப்பட்டவர்களுக்குத் தலா 75,000 ஆஸ்திரேலிய டாலர் வழங்கும் திட்டம் 2021 ஆகஸ்டில்தான் அறிவிக்கப்பட்டது. பறிக்கப்பட்டவர்களில் எத்தனையோ பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள்.

எந்தச் சொல் என்பதோடு எங்கே நின்று சொல்வது என்பதும் முக்கியம் என்பதற்கு கோமகாட்டா மாரு ஓர் உதாரணம். 1914 மே மாதம் 376 பயணிகளுடன் அந்தக் கப்பல் வான்கூவர் துறைமுகத்துக்கு வந்தது. பெரும்பாலோர் பஞ்சாபிச் சீக்கியர்கள். எல்லோரும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் குடிமக்கள். மிகச் சிலரைத் தவிர யாரையும் கரையிறங்கவிடாமல் இரண்டு மாதம் நிறுத்திவைத்து, கனடா திருப்பி அனுப்பியது. கல்கத்தாவுக்கு அருகே பஜ்பஜ் வந்து இறங்கியபோது போலீஸ் சுட்டதில் ஏறத்தாழ 20 பேர் இறந்தார்கள். 2008 ஆகஸ்டில் பிரதமர் ஸ்டீஃபன் ஹார்ப்பர் சர்ரே நகரப் பூங்கா ஒன்றில் நடந்த விழாவில் இதற்காக மன்னிப்புக் கேட்டார். அவர் மேடையை விட்டு இறங்கியதும் சீக்கிய அமைப்பினர் ஏற்க மறுத்தார்கள். அந்தச் சொல் நாடாளுமன்ற அவைக்குறிப்பில் ஏற வேண்டும் என்றார்கள். அதே ஹார்ப்பர் இரண்டு மாதம் முன்பு, ஜூன் 11 அன்று, உறைவிடப் பள்ளிகளில் வதைபட்ட பூர்வகுடிகளிடம் நாடாளுமன்றத்தில்தான் மன்னிப்புக் கேட்டிருந்தார். அந்த வேறுபாடு அவர்கள் கண்ணில் படாமல் போகுமா? 2016 மே 18 அன்று ஜஸ்டின் ட்ரூடோ அவையில் எழுந்து சொன்ன பிறகே அது முடிந்தது.

பிரிட்டனின் நாடாளுமன்றத்துக்கு இந்தச் சொல் தெரியாமல் இல்லை. 1972 ஜனவரி 30 அன்று வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் ஊர்வலம் போனவர்களை ராணுவம் சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தார்கள். நீண்ட விசாரணை முடிந்து அறிக்கை வந்த 2010 ஜூன் 15 அன்று, பிரதமர் டேவிட் கேமரன் அந்தக் கொலைகளை நியாயப்படுத்தவே முடியாது என்று சொல்லி, நாட்டின் சார்பில் 'டீப்லி ஸாரி' என்றார். டெர்ரியில் திரையில் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் ஆரவாரம் செய்தது. கென்யாவில் மாவ் மாவ் போராட்டக் காலத்தில் சித்திரவதைக்கு ஆளானவர்கள் போட்ட வழக்கு சமரசத்தில் முடிந்தபோது கிடைத்தது வேறு சொல். 2013 ஜூன் 6 அன்று வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக் 5,228 பேருக்கு 1 கோடியே 99 லட்சம் பவுண்டு வழங்குவதாக அறிவித்தார். பிரிட்டன் உளமார 'ரிக்ரெட்' செய்வதாக, அதாவது வருந்துவதாக, சொன்னார். பணம் வந்தது, ஸாரி வரவில்லை.

அமிர்தசரஸுக்கும் அந்தச் சொல் வரவில்லை. 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாகில் ராணுவம் சுட்டதில் இறந்தவர்கள் 379 பேர் என்பது ஆங்கில அரசின் கணக்கு. இந்தியத் தரப்பின் கணக்கு அதைவிட மிக அதிகம். நூற்றாண்டு நிறைவுக்கு மூன்று நாள் இருக்கையில், 2019 ஏப்ரல் 10 அன்று, பிரதமர் தெரசா மே அவையில் பேசினார். நடந்ததற்கும் அதனால் நேர்ந்த துன்பத்துக்கும் ஆழ்ந்த 'ரிக்ரெட்' என்றார். எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கார்பின் எழுந்து, முழுமையான, தெளிவான மன்னிப்பு வேண்டும் என்றார். டெர்ரிக்காக அந்தச் சொல் ஒலித்த அவைதான் அது. ஒன்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை. இந்தத் தேர்வைத் தற்செயல் என்று என்னால் ஏற்க முடியவில்லை. எந்தச் சொல் எந்தக் கடமையை இழுத்துக்கொண்டு வரும் என்று எடைபோட்டுத்தான் இப்படிப்பட்ட உரைகள் எழுதப்படுகின்றன. அன்று எடைபோட்டவர்கள் அமிர்தசரஸை டெர்ரியைவிட இலேசாகக் கண்டார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி ஜாலியன்வாலா பாகுக்கு வந்தார். நினைவிடத்தின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். இந்தக் குற்றத்துக்காக வெட்கப்படுவதாகச் சொன்னார், 'ஸாரி' என்றும் சொன்னார். பிரிட்டிஷ் அரசின் சார்பில் பேசத் தனக்கு உரிமை இல்லை என்பதையும் அவரே அங்கு சொன்னார்.